இடுப்பில் பேசிய வெள்ளைக்காரி

எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் சும்மா ஓடமாட்டார்கள். ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பஸ் கிளம்பியிருக்கும், குளவி கூடு கலைந்திருக்கும், யாருக்காவது பிரசவ வலி எடுத்திருக்கும். மழைக்காலமென்றால் மேலே எங்கோ மண் சரிந்திருக்கும். அதனால் நான் முதல்முதலாக ஓடக் கிளம்பிய காலையில், லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர், பிரஷை வாயிலேயே வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து ஓடி வந்தார்.

"என்னாக்கா? எங்க? யாருக்கு?"

"யாருக்கும் ஒன்னுமில்லங்க. சும்மா ஓடுறேன்."

"சும்மாவா?" அவர் நின்று நுரையைத் துப்பினார். "மொதல்லயே சொல்லியிருந்தா நான் நடந்தே வந்திருப்பேனே."

நான் கஹவத்தை டவுனில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், பாடசாலைச் சட்டை, திரைச்சீலை, கிழிந்தது, பிரிந்தது எல்லாம் தைப்பேன். என் கால்கள் இரண்டும் கல்யாணமான நாளிலிருந்து மெஷின் மிதித்து ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன; நான்தான் இடத்தை விட்டு நகரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து சீனி வருத்தம் வந்துவிட்டது. கிளினிக்கில் டொக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எது அதிகம் கவலைக்கிடமானது என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"நடக்கணும்" என்றார்.

"நடக்கிறேன் டொக்டர். பஸ் ஸ்டாண்டுக்கு."

"கொஞ்சம் வேகமா நடங்க."

வேகமாக நடப்பதும் மெதுவாக ஓடுவதும் என் விஷயத்தில் ஒன்றுதான். இரண்டில் ஓடுவதற்குத்தான் மரியாதை அதிகமாக இருந்தது. ஓடினேன்.

சில வாரத்தில் ஓர் ஆச்சரியமான விஷயம் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஓடுவதைவிடத் தனியாக இருப்பது பிடித்திருந்தது. என் கடையில் நாள் முழுவதும் பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அளவு எடுக்க டேப்பைச் சுற்றியதும் மனசில் உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும். மாமியார், மச்சான், பிள்ளையின் படிப்பு, அடுத்த வீட்டுக் கோழி. இத்தனை கதையையும் காதில் வாங்கிக்கொண்டு நேர்கோட்டில் தைப்பது லேசான காரியமில்லை. காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஆக, வீட்டிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சொன்னது மகள்தான். அவளும் கொழும்பில் வேலை. நான் ஓடுகிறேன் என்று கேள்விப்பட்டதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. போனில் குரல் அனுப்பினாள், ஒன்றன்பின் ஒன்றாக.

"அம்மா, தனியா ஓடுற பொம்பளைங்க என்னென்ன கவனிக்கணும்னு தேடிப் படிச்சேன். போன் கட்டாயம் கையில இருக்கணும். ரெண்டு காதுலயும் பாட்டு மாட்டிக்கிட்டு ஓடாதீங்க. முக்கியமா, ஒரே ரோட்டுல ஒரே நேரத்துக்குப் போகாதீங்க. யாராச்சும் பாத்து வச்சிருந்து மறைஞ்சி நிப்பாங்க."

லீவுக்கு வந்தபோது என் போனில் ஏதோ ஒன்றை ஏற்றியும் கொடுத்தாள். நான் எங்கே ஓடுகிறேன் என்று அவள் அங்கிருந்தே பார்க்கலாமாம். அதற்குள் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். ஒவ்வொரு கிலோமீட்டர் முடியும்போதும் சத்தமாக இங்கிலீஷில் எதையோ அறிவிப்பாள். முதல் சொல் 'கிலோமீட்டர்' என்று புரியும். மற்றதெல்லாம் என்னைத் திட்டுகிறாளா பாராட்டுகிறாளா என்று தெரியாது. போனை வைப்பதற்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு பையும், போட்டுக்கொள்ள ஒரு காற்சட்டையும் நானே தைத்தேன். மகளின் பழைய தொப்பியையும் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். என் வாடிக்கைக்காரர்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது என்று பட்டது. அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பாடசாலையில் ஒருவர் சொல்லையும் கேட்காத நான் மகள் சொன்னதை அப்படியே கேட்டேன். ஒருநாள் ஃபெக்டரி ரோடு, ஒருநாள் ரப்பர் மலை, ஒருநாள் ஓடைப் பாதை. நேரத்தையும் முன்னே பின்னே மாற்றினேன்.

மூன்றிலும் ஓடைப் பாதைதான் என் பாதை. அங்கே ரப்பர் மரங்கள் ஓடை வரைக்கும் சரிந்து இறங்கியிருக்கும். பால் வெட்டின பட்டையில் வெள்ளைக் கோடு வழிந்து சிரட்டைக்குள் சொட்டும். ஓடைக்கரையில் ஆங்காங்கே மாணிக்கக் கல் தோண்டும் குழிகள். எங்கள் பக்கத்தில் குழி ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் மெஷினுக்கு முன்னால் வாழ்க்கையைக் கழித்தவளுக்கு அதிசயம்தான். பக்கத்து மண் சரியாமல் இருக்க மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, இடையில் காட்டுத் தழையைச் சொருகி, அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள். நான் ஒவ்வொரு குழியிலும் நின்று எட்டிப் பார்த்தேன். எவ்வளவு ஆழம் என்று அறிய ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். சில குழிகளைக் கிளைகளால் மூடியிருந்தார்கள். கிளையை விலக்கியும் பார்த்தேன். துணி ஒன்று கையில் கிடைத்தால் தையல்காரி முதலில் புரட்டி உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள். அது தொழில் குணம். என்னிடம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

பாதை ஒரு மரக்குற்றிப் பாலம் வரை போகும். அந்த இடத்தில் எனக்கு மூச்சு முடிந்துவிடும். வெள்ளைக்காரி ஏதோ சொல்வாள். நான் திரும்பிவிடுவேன்.

மோட்டார் பைக் முதலில் வந்தது ஃபெக்டரி ரோட்டில். பின்னால் சத்தம் கேட்டதும் ஓரமாக ஒதுங்கினேன், முந்திப் போகட்டும் என்று. அது முந்தவில்லை. நான் மெதுவாக ஓடினேன், அதுவும் மெதுவானது. என்னைவிட மெதுவாக ஒரு பைக்கை ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். நான் சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் குனிந்தேன். என் சப்பாத்தில் கயிறே கிடையாது. பைக்கும் நின்றது. ஹெல்மெட், பச்சை மழைக்கோட்டு, முகம் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ரப்பர் மலையில். அதே பைக், அதே இடைவெளி.

ரோட்டை மாற்றினேன். ரோடுதான் மாறியது.

இந்த வயதில் என் பின்னால் ஒருவன் வருகிறானென்றால் அவன் முதலில் கண் டொக்டரிடம் போக வேண்டும் என்று எனக்குள்ளே சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு வயிறு வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கப் போனால் சாவி துவாரத்துக்குள் போகவில்லை. ஊசியில் நூல் கோர்க்கும் கை அது. தினமும் ஆயிரம் தடவை கோர்க்கும். அந்தக் கை ஒரு பெரிய பூட்டின் வாயைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வாள். சொல்லாவிட்டால் நானே ஒருநாள் கிளம்பாமல் படுத்துவிடுவேன். இரண்டிலும் என் காலைநேரம் போய்விடும். எனக்கென்று இருந்த ஒரே நேரம் அதுதான். அதை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்துக் கடைசியில் என் கத்தரிக்கோலை இடுப்புப் பையில் சொருகிக்கொண்டு ஓடினேன். அந்த வாரம் எனக்கு ஏற்பட்ட ஒரே காயம் அந்தக் கத்தரிக்கோலால் ஏற்பட்டது. எங்கே என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் தடவை, ஓடைப் பாதைக்குத் திரும்பும் முடக்கில், பைக் என்னைக் கடந்து போனது. அப்போது அந்த மழைக்கோட்டின் தோள்பட்டையைப் பார்த்தேன். பச்சைக் கோட்டில் கறுப்புக் குடைத்துணி ஒட்டு. சிவப்பு நூல் தையல். பச்சை நூல் தீர்ந்துபோன ஒரு மழைநாளில், 'யாரு பாக்கப் போறாங்க' என்று நான் தைத்த தையல்.

அதைக் கொண்டுவந்து கொடுத்த பெண்ணை எனக்குத் தெரியும். அவளுடைய ஒரு பிளவுஸ் அப்போதும் என் கடையில் பாதியில் கிடந்தது. வீட்டுக்காரர் முன்பு ஃபெக்டரியில் வேலை செய்தவர், இப்போது மாணிக்கக் கல் வேலைக்குப் போகிறார் என்று அளவெடுக்கும்போது சொல்லியிருந்தாள். பயம் ஒன்றும் போகவில்லை, ஆனால் உருவம் மாறியது. முகம் தெரியாதவன் பின்னால் வருவது ஒரு பயம். தெரிந்த பெண்ணின் புருஷன் வருவது வேறொரு பயம். எது பெரிது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு பிடிபடவில்லை.

சனிக்கிழமை அவள் பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்தாள்.

"கையத் தூக்கும்மா" என்றேன். தூக்கினாள். டேப்பைச் சுற்றினேன். அந்த நிலையில் யாரும் எழுந்து ஓட முடியாது. "ஒன் வீட்டுக்காரர் என் பின்னால வாரார்."

அவள் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. ஒருவர் என்னை அளவெடுத்தால் எனக்குத் தெரியாதா? அளவெடுத்து முடிந்ததும் அவளுடைய தோள் இரண்டும் நிம்மதியாகத் தளர்ந்தன. எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

"ஒங்க பின்னாலயாக்கா?"

"என் பின்னாலதான். ஏன், வரக்கூடாதா?"

"வரக்கூடாதுதான்... எங்க வச்சி?"

"நான் காலையில ஓடுறப்ப. ஃபெக்டரி ரோட்டுல, ரப்பர் மலையில, ஓடைக்கிட்ட."

தூக்கின கையில் ஒன்றால் வாயைப் பொத்தினாள். "ஐயோ மாதாவே! அந்த வயர்லஸ் பொம்பள நீங்களா?"

பிறகு அவள் சொன்னதைக் கேட்டு நான் டேப்பை விட்டுவிட்டேன். ஓடைக்கரையில் கிளை போட்டு மூடியிருக்கும் குழிகளுக்கு லைசன் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் வெளிச்சம் வருமுன் உள்ளே இறங்கிவிடுவார்கள், சத்தம் காட்டமாட்டார்கள். அப்படிக் கீழே இருக்கும்போது மேலே ஒரு பெண் வருகிறாள். தொப்பி, காற்சட்டை. ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம், நேரமும் ஒழுங்கில்லை. ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்க்கிறாள். கல்லைப் போட்டு ஆழம் பார்க்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் இடுப்பிலிருந்து வயர்லஸ் பேசுகிறது, இங்கிலீஷில்.

"கொழும்புல இருந்து வந்த லேடி ஒஃபீசர்னு பேசிக்கிறாங்கக்கா. எங்கூட்டு ஆளத்தான் பின்னால போயி பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க."

லேடி ஒஃபீசர். ஒரு நிமிஷம் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். "ஏம்மா, ஒஃபீசர்மாரு இப்பிடி மெதுவாவா ஓடுவாங்க?"

"அதுதாங்க்கா அவங்களுக்குச் சந்தேகமே. ஓடுறமாரி நடிக்கிறீங்கன்னாங்க."

அன்றைக்கே அவள் புருஷனைக் கூட்டி வந்தாள். அவர் கடை வாசலில் நின்று தரையைப் பார்த்தார். இளம் வயதுதான், என்னை 'அக்கா' என்று கூப்பிடக்கூடிய வயது.

"டெய்லரக்கான்னு தெரியாதுங்க. ஆனா அந்த வயர்லஸ்..."

"வயர்லஸ் இல்ல தம்பி, போன்."

"போன்ல பாட்டு வரும். தானா பேசுமா? இப்ப பேசச் சொல்லுங்க பாப்போம்."

"ஒரு கிலோமீட்டர் ஓடினாத்தான் பேசும்."

அவர் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார். இதைவிட நல்ல பொய் சொல்லியிருக்கலாம் என்பதுபோல் ஒரு பார்வை. "அப்ப ஓடுங்க."

 அந்தப் பைக் என் பின்னால் வர நான் ஓடுவதா? கடையைச் சுற்றிப் பார்த்தேன். பட்டப்பகல், சனிக்கிழமைக் கூட்டம். "இவளும் பைக்ல பின்னால ஒக்காந்து வரணும். மெயின் ரோட்டுலதான் ஓடுவேன்" என்றேன்.

அப்படித்தான் நான் சேலையை வரிந்து கட்டி, போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, கஹவத்தை கடைவீதியில், பெல்மதுளைப் பக்கமாக, பின்னால் புருஷனும் பெண்சாதியும் பைக்கில் ஊர்ந்து வர ஓடினேன். எதிர்க்கடை நானா, துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் மனிதர், எனக்கு நூல் கடன் கொடுக்கிறவர், வெளியே வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, கடையும் பூட்டாம எங்க ஓடுறீங்க?"

"பாத்துக்கங்க நானா, ஒரு கிலோமீட்டர்ல வந்துர்றேன்."

"பொறத்தால ஒரு பைக் வருதே!"

"அது எனக்குத் தெரிஞ்ச பைக்!"

"மெய்யா?" என்று அவர் கூவியது அடுத்த வளைவு வரை கேட்டது.

பலகை விற்கும் மரக்காலையைத் தாண்டினதும் வெள்ளைக்காரி பேசினாள். என் வாழ்நாளில் ஒரு குரலுக்காக அவ்வளவு ஏங்கியதில்லை. பைக் நின்றது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். பின்னால் இருந்தவள் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், அர்த்தம் சொன்னாள்: "ஒரு கிலோமீட்டராம். எவ்ளோ நேரம் எடுத்தாங்கன்னும் சொல்லுது."

"எவ்ளோ?"

அவள் சொன்னாள். இங்கே நான் எழுதவில்லை.

"இந்த வேகத்துக்கு ஒரு ஆளு வேற பேசணுமா!" அவர் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கு இருந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது தெரிந்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தம்பி, ஒங்க பயம் ஒரு கிலோமீட்டர்ல முடிஞ்சிருச்சி. என் பயம் எத்தன கிலோமீட்டர்ல முடியும்?"

அவர் விழித்தார். "ஒங்களுக்கு என்னக்கா பயம்? நான் ஒன்னுமே செய்யலயே. கிட்டக்கூட வரலயே."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. பொலிஸ் வருமோ, குழியை மூடுவார்களோ என்று இவர் ஒரு மாதம் தூங்கியிருக்க மாட்டார். ஆனால் தான் பின்னால் வருவதை ஒரு பெண் கேட்டுக்கொண்டே ஓடுகிறாள் என்பது அவர் தலைக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. அப்படி வராமலிருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஒருநாளைக்கு அந்தத் தலையை இரவல் வாங்கிக்கொண்டு ஓடிப் பார்க்கலாம்.

பைக்கில் இருந்தவள் சிரிக்கவில்லை. இறங்கி நின்றாள்.

"கிட்ட வராம பின்னாலயே வந்தா, அதுதாங்க பயம்" என்றாள். "நான் கடைசி பஸ்ல எறங்கி வாரப்ப வீட்டுச் சாவிய வெரலுக்கு நடுவுல இப்பிடி வச்சிக்கிட்டுத்தான் வருவேன். ஒங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்கு? யாருக்காக?"

"யாருன்னு தெரிஞ்சா சாவி எதுக்கு?"

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். சாவி அதில் இல்லை, ஆனாலும் விரல்கள் அதே மாதிரி மடங்கியிருந்தன.  ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"இனி வரமாட்டேன்க்கா" என்றார்.

"வாங்க. என்னமாச்சும் கேக்கணும்னா வாங்க. முன்னால வந்து நின்னு, மொகத்தக் காட்டிக் கேளுங்க. எந்தப் பொம்பளகிட்டயும் அப்பிடித்தான்."

"சரிங்க்கா." பிறகு இழுத்தார். "ஆனா ஓடைப் பக்கம் மட்டும் வராதீங்க. நான் நம்பிட்டேன். மத்தவங்க நம்பமாட்டாங்க."

"அது என்ன ஒங்க அப்பாரு போட்ட ரோடா?" என்றாள் அவள்.

"அட, அதுக்கில்ல." என் பக்கம் திரும்பினார். "அந்தப் பாதை எங்க போயி முடியுதுன்னு தெரியுமாக்கா?"

"தெரியாது. பாலத்தோட திரும்பிருவேன்."

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியாமலா இத்தன நாளும் போனீங்க?" என்றார். "சரி, தெரியாமலே இருங்க. அதுதான் நல்லது."

துணியின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.  நான் எதிர்பார்த்தபடியே அவள், "நிப்பாட்டிருங்கம்மா" என்றாள்.

"இன்னைக்கு ஓடைப் பாதைய விட்டா நாளைக்கு ஒருத்தன் ஃபெக்டரி ரோட்டுல வருவான். அதையும் விடணும். கடைசியில வீட்டுக்குள்ள மெஷினச் சுத்தித்தான் ஓடணும்."

"மெஷினச் சுத்தி ஓடினாலும் அந்த லேடி பேசும்மா" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள் இல்லையா. பிறகு குரல் இறங்கியது. "எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்குந்தான்."

இரண்டு பேரும் பயத்தை ஒத்துக்கொண்ட பிறகு பேச்சு சுலபமாக இருந்தது. ரோட்டை மாற்றி மாற்றி ஓடு என்பது, யாரும் யாரையும் அறியாத ஊருக்குச் சரியாக இருக்கலாம். இங்கே மாற்றி மாற்றி ஓடினால் ஆள் ஒளிவதில்லை, கதைதான் வளர்கிறது. அதனால் எந்த நாள் எந்தப் பாதை என்று எல்லோருக்கும் சொல்லிவிடுவது, போகும்போது மகளுக்கும் தெரிவிப்பது என்று முடிவு செய்தோம். குழாயடி மனிதரிடம் அன்று மாலையே சொன்னேன். "திங்கள் ஓடைப் பக்கம். நான் வரலன்னா ஆள அனுப்புங்க."

"எத்தன பேர அனுப்ப? ஒங்களத் தூக்கணும்னா நாலு பேராச்சும் வேணும்."

திங்கட்கிழமை ஓடைப் பாதையில் இறங்கினேன். தொப்பியைப் போடவில்லை. மூடியிருந்த குழிகளைக் கடக்கும்போது முகத்தை நேராக வைத்துக்கொண்டேன். எட்டிப் பார்க்காமல் போனதுதான் அன்றைய ஓட்டத்தின் மிகக் கஷ்டமான பகுதி. கீழே யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.  பாலம் வந்தது. திரும்பவில்லை. குற்றிமேல் ஏறித் தாண்டினேன்.

அந்தப் பக்கம் பாதை மேட்டில் ஏறியது. மூங்கில், வாழை, பிறகு ஒரு மதில். மதிலுக்குப் பின்னால் துணி காயும் கொடி. அதில் வரிசையாகச் சட்டைகள் தொங்கின. முதலில் நான் பார்த்தது தையலைத்தான். தோளில் பட்டை வைத்த, இரட்டைத் தையல் போட்ட, நல்ல காக்கித் துணி. யார் தைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நாலு சட்டை கடந்த பிறகுதான் அது யாருடைய சட்டை என்று உறைத்தது.

ஓடைப் பாதை பொலிஸ் ஸ்டேஷனின் பின்வாசலில் போய் முடிகிறது. பஸ்ஸில் முன்வாசலைத் தாண்டித் தாண்டிப் போனவளுக்குப் பின்வாசல் எப்படித் தெரியும்?

கொடிக்குப் பின்னாலிருந்து இடுப்பில் சாரம் கட்டிய பொலிஸ்காரர் ஒருவர் ஈரச் சட்டையோடு எட்டிப் பார்த்தார். என் வியர்வையையும் மூச்சையும் பார்த்ததும் சட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

"மொகத அக்கே? கவுருஹரி பன்னனவத?" யாராவது துரத்துகிறார்களா என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்தார்.

"நே மஹத்தயா. நிக்கங் துவனவா." சும்மா ஓடுகிறேன் என்றேன்.

அவர் நம்பவில்லை. மூங்கில் வரை நடந்துபோய், யாராவது வருவார்களா என்று காத்து நின்றார். அவர் காத்து நின்ற அந்த நேரத்தில் நானும் காது கொடுத்துக் கேட்டேன். பின்னால் பைக் சத்தம் இல்லை. யாரும் வரவில்லை. அந்தப் பைக் வந்த நாளிலிருந்து முதல்தடவையாக, துரத்துகிறார்களா என்ற கேள்விக்கு இல்லை என்று சொன்னேன், அது உண்மையாகவும் இருந்தது.

கீழே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஓடை, ரப்பர், அட்டைப் பூச்சி என்றேன். மூன்றும் இருந்தன. இன்னும் ஏதாவது கேட்பதற்குள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

பாலத்தில் வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. வீட்டுக்குப் போக வேண்டுமானால் அந்தக் குழிகளைத் தாண்டித்தான் போகவேண்டும். பொலிஸ் ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிறேன். கீழே இருப்பவர்கள் நான் போனதையும் கேட்டிருப்பார்கள், எவ்வளவு நேரம் கழித்து வருகிறேன் என்பதையும் கேட்பார்கள். மெயின் ரோட்டால் சுற்றிப் போகலாம். போனால், இந்தப் பாதையில் இனி ஒருநாளும் கால் வைக்க முடியாது.

மூச்சை இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினேன். ஓடிக்கொண்டே, முடிந்த அளவு சத்தமாக, ரப்பர் மலை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"நான்தான்! டெய்லரக்கா! நான் ஒன்னும் சொல்லல! சும்மாதான் ஓடுறேன்!"

குழிகள் அமைதியாக இருந்தன. பிறகு ஒரு கிளை மெல்ல விலகியது; சேறு படிந்த ஒரு கை வெளியே வந்து, போ போ என்று ஆட்டிவிட்டு உள்ளே போனது.

மேலே மரங்களுக்குள் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, ஆள் தெரியாமல், குரலை மட்டும் இறக்கினாள்.

"என்னாத்தையக்கா சொல்லல? யாருகிட்ட?"

இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொருத்தி: "ஏய், இருடி, அவங்க நின்னு மூச்சு வாங்கட்டும். பெறகு கேப்போம்."

நான் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் என் வாழ்நாளிலேயே வேகமாக ஓடினேன்.